ஆறு வாரமும் மூன்று ஆண்டும்

2018 டிசம்பர் 6 வரை ரஸ்ட் மொழியில் நான்கு வரி நிரல் ஒன்றை எழுத முடியாமல் இருந்தது. முதல் வரியில் மூன்று எண்கள் கொண்ட ஒரு பட்டியல். இரண்டாவது வரியில் அந்தப் பட்டியலின் முதல் எண்ணைச் சுட்டும் ஒரு பெயர். மூன்றாவது வரி அந்த எண்ணைத் திரையில் அச்சிடும். நான்காவது வரி பட்டியலின் கடைசியில் இன்னோர் எண்ணைச் சேர்க்கும். இதில் என்ன தப்பு என்று யாரும் கேட்பார்கள். உண்மையில் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் கம்பைலர் நான்காவது வரியைக் காட்டிப் பிழை என்று சொல்லிவிடும்.

அன்று ரஸ்ட் 1.31 வெளியானது. அதோடு வந்த ‘எடிஷன்’ என்ற புதிய ஏற்பாட்டைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு அதே நான்கு வரிகள், ஓர் எழுத்தும் மாறாமல், ஓடத் தொடங்கின. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன மாற்றம். அதற்குப் பின்னால் சில ஆண்டுகளின் உழைப்பு இருந்தது. ஒரு நிரல்மொழிக்குள் புதிய வசதி ஒன்று எப்படி நுழைகிறது என்பதை இந்த நான்கு வரிகளை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

முதலில், கம்பைலர் எதற்காகப் பயந்தது? கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள். முதலில் எண்ணைச் சேர்க்கிறோம். பிறகு பழைய சுட்டுப்பெயர் வழியாக அச்சிடுகிறோம். மூன்று எண்களுக்கென்று வாங்கிய நினைவகத்தில் நான்காவதற்கு இடம் கிடையாது. ஆகவே பட்டியல் ஆறு எண்கள் கொள்ளும் அளவுக்குப் பெரிய இடம் ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. பழைய எண்கள் அங்கே நகலாகின்றன. பழைய இடம் திருப்பித் தரப்படுகிறது. சுட்டுப்பெயர் மட்டும் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியில் இப்போது வேறு எந்தத் தரவும் வந்து உட்கார்ந்திருக்கலாம். அது யாருடைய கடவுச்சொல்லாகவும் இருக்கலாம்.

சி, சி++ மொழிகளில் இந்தத் தப்பான வரிசையையும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். நிரல் பெரும்பாலான நாட்களில் சரியாகவே ஓடுவதுபோலத் தெரியும். ஒரு நாள் தாக்குதல்காரர் ஒருவர் அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பார். தங்கள் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இப்படிப்பட்ட நினைவகப் பிழைகள்தான் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. குரோமியம் உலாவியை உருவாக்குகிறவர்களும் தங்கள் கடுமையான குறைகளில் ஏறத்தாழ அதே பங்கைக் கண்டார்கள். திறமையான பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் கவனமாக இருந்தும் வந்த கணக்கு இது. கவனம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ரஸ்டின் விதி எளிமையானது. ஒரு தரவைப் பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம். அல்லது ஒரே ஒருவர் திருத்தலாம். இரண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது. ஒரு குறிப்பேட்டைச் சுற்றி உட்கார்ந்து நால்வர் படிக்கலாம், ஒருவர் அதில் அடித்துத் திருத்தும்போது மற்றவர்கள் கையை எடுத்துவிட வேண்டும் என்பது போல. தரவைச் சுட்டுவதை ரஸ்ட் இரவல் என்கிறது. இரவல் வாங்கியவர் எப்போது திருப்பித் தருகிறார் என்பதை, நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைலரின் ஒரு பகுதி சரிபார்த்துவிடுகிறது. அதைத்தான் ‘பாரோ செக்கர்’ என்கிறார்கள்.

பழைய பாரோ செக்கர் இரவலின் முடிவை நிரலின் அடைப்புக்குறியை வைத்துக் கணக்கிட்டது. ஒரு சுட்டுப்பெயர் பிறந்த அடைப்பு எங்கே மூடுகிறதோ அதுவரை இரவல் நீடிக்கிறது என்று அது எடுத்துக்கொண்டது. நம் நான்கு வரிகளில் மூன்றாவது வரிக்குப் பிறகு அந்தச் சுட்டுப்பெயரை யாரும் தொடவில்லை. ஆனால் மூடும் அடைப்பு நான்காவது வரிக்குக் கீழேதானே இருக்கிறது! ஆகவே மறுப்பு. புரோகிராமர்கள் தேவையே இல்லாத இடத்தில் இன்னொரு சோடி அடைப்புக்குறி போட்டுக் கம்பைலரைச் சமாதானப்படுத்தினார்கள். பாரோ செக்கரோடு மல்லுக்கட்டுவது ரஸ்ட் பழகுகிறவர்களின் முதல் அனுபவமாக இருந்தது. தப்பில்லாத நிரலைத் தப்பு என்று சொல்லும் கருவியிடம் ஒருவர் நம்பிக்கை இழப்பது நியாயம்தான்.

தீர்வு சொல்வதற்கு எளிது. இரவல், அது கடைசியாகப் பயன்படும் இடத்தோடு முடியட்டும். ஆனால் கடைசியாகப் பயன்படும் இடம் எது என்பதைக் கம்பைலர் எப்படித் தெரிந்துகொள்ளும்? நடுவில் ஒரு கிளை பிரியலாம், ஒரு சுழற்சி திரும்பி மேலே போகலாம், ஒரு பாதை பாதியிலேயே வெளியேறலாம். எழுதிய நிரலின் மேற்பரப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைச் சொல்ல முடியாது. அதனால் முதலில் கம்பைலருக்குள்ளேயே மிர் என்றழைக்கப்படும் இடைநிலை வடிவம் ஒன்றை உருவாக்கினார்கள். எல்லாச் சுழற்சிகளும் நிபந்தனைகளும் அதில் தட்டையான படிகளாகவும் தாவல்களாகவும் மாறிவிடும். 2016 செப்டம்பரில் 1.12 வெளியீட்டில் கம்பைலர் அதன் வழியாக வேலை செய்யத் தொடங்கியது. அந்த அடித்தளத்தின் மேல்தான் நிகோ மட்சாகிஸ் புதிய பாரோ செக்கருக்கான முன்மொழிவை எழுதினார். ஆர்எஃப்சி 2094 என்பது அதன் எண்.

புதிய செக்கர் வந்தபோது வேறொரு சிக்கல் தலைகாட்டியது. பழையது சரி என்று விட்டிருந்த சில நிரல்கள் உண்மையில் ஆபத்தானவை என்று புதியது கண்டுபிடித்தது. அவற்றை உடனே நிறுத்தியிருந்தால் அதுவரை அவற்றை ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் வேலை ஒரே இரவில் நின்றுபோயிருக்கும். ஆகவே தொடக்கத்தில் அத்தகைய நிரல்களுக்கு எச்சரிக்கை மட்டும். பழைய எடிஷனில் எழுதுகிறவர்களுக்குப் புதிய செக்கர் 2019 ஜூலையில்தான் வந்தது. 2019இன் இறுதியில் எச்சரிக்கைகள் பிழைகளாயின. இந்த மாற்றம் எல்லா எடிஷன்களுக்கும் முழுமையாக நிறைவேறியது 2022 ஆகஸ்டில், 1.63 வெளியீட்டில். 2018இல் கொண்டாடிய வசதியின் கடைசி நூலிழை கட்டப்பட்டது நான்கு ஆண்டுகள் கழித்து.

எனக்கு ரஸ்டில் மிகவும் மதிப்பு இந்தப் பொறுமையின் மேல்தான். நினைவகப் பாதுகாப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் மற்ற மொழிகள் இந்த மொழியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு: ஏற்கெனவே எழுதப்பட்டதை உடைக்காமல் ஒரு மொழி எப்படி வளர்வது என்பது.

இந்தக் கவலை தொடக்கத்தில் இல்லை. கிரேடன் ஹோர் 2006இல், மொசில்லாவில் வேலை செய்துகொண்டே, சொந்த ஆர்வத்தில் ரஸ்டைத் தொடங்கினார். கனடாவின் வான்கூவர் நகரில் அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் மென்பொருள் கோளாறால் நின்றுபோக, 21ஆவது மாடிக்குப் படியேற வேண்டியிருந்ததுதான் தூண்டுதல் என்பது பலரும் அறிந்த கதை. 2009இல் மொசில்லா அதைத் தன் திட்டமாக ஏற்றது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் ரஸ்ட் வாராவாரம் உருமாறிய மொழி. கார்பேஜ் கலெக்டர் இருந்தது, போனது. தரவுச் சுட்டிகளுக்கு விதவிதமான குறியீடுகள் இருந்தன, அவையும் போயின. மொழிக்குள்ளேயே இயங்கிய இலகுவான ‘பச்சை இழைகள்’ 2014இல் எடுத்தெறியப்பட்டன. ஹோரே 2013இல் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். தான் மனத்தில் வைத்திருந்த ரஸ்ட் இன்றைய ரஸ்ட் அல்ல என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாக எழுதினார். அந்தக் காலத்தில் ரஸ்டில் எழுதிய நிரல் அடுத்த மாதம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2015 மே 15 அன்று 1.0 வந்தது. அன்று கொடுத்த வாக்கு: இனி நிலையான ரஸ்டில் எழுதிய நிரல், பின்னால் வரும் ஒவ்வொரு கம்பைலரிலும் ஓடும். விதிவிலக்குகள் உண்டு, பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக உடைக்கலாம், கம்பைலரின் பிழையைத் திருத்தும்போது உடையலாம். கம்பைலரின் ஊகத்தால் வரும் உடைவுகளும் வாக்கில் சேராது. மற்றபடி கூடாது.

வாக்கு கொடுத்துவிட்டு மொழியை அப்படியே உறைய வைத்தால் அதில் சாதனை ஒன்றும் இல்லை. ரஸ்ட் குழு எதிர்த்திசையில் போனது. ஆறு வாரத்துக்கு ஒரு வெளியீடு என்று வைத்துக்கொண்டார்கள். அன்றாடம் உருவாகும் கம்பைலருக்கு நைட்லி என்று பெயர். முடிவாகாத வசதிகளை அதில் மட்டும்தான், அதுவும் பெயர் சொல்லி அனுமதி கேட்டுத்தான், பயன்படுத்தலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நைட்லியிலிருந்து ஒரு கிளை பிரிந்து பீட்டாவாகிறது. இன்னும் ஆறு வாரத்தில் அந்தப் பீட்டா நிலையான வெளியீடாகிறது. நிலையான கம்பைலரில் முடிவாகாத வசதியை அழைத்தால் அது மறுத்துவிடும். ஒரு வசதி இந்த முறை தயாராகவில்லையா, அடுத்த ரயிலில் வரட்டும். ரயில் காத்திருக்காது. 1.0க்குப் பிறகு 85ஆவது வெளியீடு வந்தது 2025 பிப்ரவரி 20இல். 85ஐ ஆறால் பெருக்கினால் 510 வாரங்கள். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். அதுவும் முதல் வெளியீடு வெள்ளியன்றும் இது வியாழனன்றும் வந்ததால்.

இந்த ஒழுங்கு மென்பொருள் உலகில் எவ்வளவு அரிது என்பது பெரிய திட்டங்களில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதன் பயன் நேரம் தவறாமையில் மட்டும் இல்லை. அடுத்த வாய்ப்பு ஆறே வாரத்தில் வரும் என்று தெரிந்தால், அரைகுறை வசதியை அவசரமாகத் திணிக்க யாருக்கும் காரணம் இருக்காது.

உடைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? க்ரேட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. ரஸ்டின் பொதுக் களஞ்சியமான கிரேட்ஸ்.ஐஓவில் உள்ள லைப்ரரிகளையும், பொதுவில் கிடைக்கும் மற்ற ரஸ்ட் நிரல்களையும் அது எடுத்துக்கொள்கிறது. பழைய கம்பைலரில் ஒருமுறை, மாற்றம் செய்த கம்பைலரில் ஒருமுறை என அவற்றை ஓட்டிப் பார்த்து, எது எது புதிதாக உடைந்தது என்று பட்டியல் தருகிறது. ஒரு மொழியை மாற்றும்போது, அந்த மொழியில் உலகம் எழுதி வெளியிட்டதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது என்பதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு மலைப்பாக இருந்தது. இன்றும் அந்த மலைப்புக் குறையவில்லை.

ஆனால் சில மாற்றங்கள் உடைக்காமல் முடியவே முடியாது. புதிதாக ஒரு சிறப்புச்சொல்லைச் சேர்த்தால், அதே சொல்லைத் தன் மாறிக்குப் பெயராக வைத்திருந்தவரின் நிரல் விழுந்துவிடும். இங்கேதான் எடிஷன் வருகிறது. 2015, 2018, 2021, 2024 என்று மூன்று ஆண்டுக்கு ஒன்றாக இதுவரை நான்கு எடிஷன்கள். ஒவ்வொரு லைப்ரரியும் தான் எந்த எடிஷனில் எழுதப்பட்டது என்பதைத் தன் அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. கம்பைலர் அந்தந்த லைப்ரரியை அந்தந்த எடிஷனின் இலக்கணப்படி படிக்கிறது. படித்து முடித்ததும் எல்லாமே ஒரே உள்வடிவத்துக்கு வந்துவிடுவதால், 2015இன் லைப்ரரியும் 2024இன் லைப்ரரியும் ஒரே நிரலுக்குள் சேர்ந்து இயங்குகின்றன. நீங்கள் எந்த எடிஷனுக்கும் மாறாமல் இருந்தாலும் கம்பைலர் உங்களைக் கைவிடாது.

இதன் அருமை பைத்தானோடு ஒப்பிட்டால் தெரியும். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1இல். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளும் ஒரு சமூகமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. காரணம், ஒரு நிரல் முழுவதும் மாறினால்தான் மாற்றம்; நம்பியிருக்கும் லைப்ரரிகளில் ஒன்று மாறாவிட்டாலும் நீங்களும் மாற முடியாது. ரஸ்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே, தன் வேகத்தில் மாறலாம்.

2018 எடிஷன் ‘அசிங்க்’ என்ற சொல்லை மொழிக்கென்று எடுத்துக்கொண்டது. காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்க்கும் நிரல்களை இயல்பாக எழுத உதவும் அந்த வசதி நிலையான ரஸ்டுக்கு வந்தது 2019 நவம்பரில், 1.39இல். இடம் முன்பே பிடித்து வைத்தாயிற்று. ஆள் பிறகு வந்தார். பச்சை இழைகளை மொழிக்குள் வைத்திருந்தால் இதற்கு இத்தனை பாடு தேவைப்பட்டிருக்காது. ஆனால் அவை இருந்தால் ஒவ்வொரு நிரலும் ஓர் இயக்க அமைப்பைச் சுமந்துகொண்டே திரிய வேண்டும். ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலருக்கு அந்தச் சுமை தாங்காது. ஆகவே கம்பைலர் ஒவ்வொரு அசிங்க் செயற்கூறையும் நிலைகளின் பட்டியலாக மாற்றித் தருவதோடு நிறுத்திக்கொள்ளும். அதை ஓட்டும் பொறியை டோக்கியோ போன்ற லைப்ரரியிலிருந்து நீங்களே தேர்ந்துகொள்ள வேண்டும். இந்த முடிவைச் சிலர் இன்றும் குறை சொல்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. காத்திருப்பதைக் குறிக்கும் ‘அவெய்ட்’ என்ற சொல்லை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற விவாதமும் நீண்டகாலம் நடந்தது. சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் எல்லாம் முன்னால் வைத்திருந்தன. ரஸ்ட் ஒரு புள்ளிக்குப் பின்னால் வைத்தது. செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் நிரலில் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போக முடிவது அதனால்தான். அன்று கசந்தவர்களில் பலர் இப்போது அதுதான் வசதி என்கிறார்கள்.

எடிஷனால் மட்டுமே சாத்தியமான ஒரு திருத்தத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். பலர் பகிரும் ஒரு தரவுக்குப் பூட்டு இருக்கிறது. படிப்பதற்கு ஒரு பூட்டு, எழுதுவதற்கு ஒரு பூட்டு. “படிப்புப் பூட்டை எடுத்து உள்ளே பார்; மதிப்பு இருந்தால் பயன்படுத்து; இல்லாவிட்டால் எழுத்துப் பூட்டை எடுத்து மதிப்பை வை” என்று ஒருவர் எழுதுகிறார். படிக்கும்போது எவ்வளவு இயல்பாக இருக்கிறது! ஆனால் 2021 எடிஷன் வரை, நிபந்தனையில் எடுத்த படிப்புப் பூட்டு ‘இல்லாவிட்டால்’ பகுதி முடியும் வரை விடுபடாது. எழுத்துப் பூட்டு படிப்புப் பூட்டுக்காகக் காத்திருக்கும். படிப்புப் பூட்டு அந்தப் பகுதி முடிவதற்காகக் காத்திருக்கும். நிரல் அங்கேயே உறைந்துவிடும். பிழைச்செய்தி கிடையாது, ஒன்றும் கிடையாது. ரஸ்டில் நல்ல அனுபவம் உள்ளவர்களும் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். 2024 எடிஷனில் ‘இல்லாவிட்டால்’ பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே அந்தப் பூட்டு விடுபட்டுவிடுகிறது. பூட்டு எப்போது விடுபடும் என்பதை நம்பியே எழுதிய பழைய நிரல்கள் இருக்கக்கூடும் என்பதால், எல்லோருக்கும் ஒரேயடியாக இதை மாற்ற முடியாது. எடிஷன் இல்லையென்றால் அந்தக் குழி என்றென்றைக்கும் அங்கேயே இருந்திருக்கும்.

இந்தத் திருத்தத்தோடு பின்னிப்பிணைந்தது இன்னொரு வசதி. “இந்த மதிப்பு இருந்து, அதற்குள் அதுவும் இருந்து, அது பத்துக்கு மேலும் இருந்தால்” என்று ஒரே நிபந்தனையில் கோத்து எழுதுவது. முன்மொழிவு 2018இலேயே ஏற்கப்பட்டது. 2022இல் நிலையானதாக்கும் மாற்றத்தை இணைத்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 2025 ஜூன் 26 அன்று 1.88இல், 2024 எடிஷனுக்கு மட்டும் வந்து சேர்ந்தது. இதற்குள் எத்தனை பேர் அடுக்கடுக்காக ‘இருந்தால், இருந்தால்’ என்று உள்ளே தள்ளித் தள்ளி எழுதித் தீர்த்திருப்பார்கள்! அந்த எரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனாலும் தற்காலிக மதிப்புகள் எப்போது விடுபடும் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இதைத் திறந்துவிட்டிருந்தால், அந்த விடையைப் பின்னால் மாற்றவே முடிந்திருக்காது.

சில வசதிகள் எந்த ஆரவாரமும் இல்லாமல் வந்தன. 2021 ஜூன் 17 அன்று வெளியான 1.53, ஆங்கில எழுத்தல்லாத பெயர்களையும் மாறிகளுக்கு வைக்க வழிவிட்டது. அன்றிலிருந்து ரஸ்டில் ‘தொகை’, ‘வட்டி’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். கம்பைலர் முகம் சுளிக்காது. லத்தீன் எழுத்தும் அதே தோற்றமுள்ள ரஷ்ய எழுத்தும் கலந்து ஏமாற்ற வாய்ப்பு உண்டு என்பதால் அதற்கான எச்சரிக்கைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் பெயர் வைப்பது போலத் தமிழ் எழுத்துகளை எண்ணுவது எளிதல்ல. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ரஸ்ட் 15 என்று சொல்லும்; அது பைட் கணக்கு. யூனிகோட் குறிகளாக எண்ணச் சொன்னால் 5 என்னும். நாம் எண்ணும் மூன்று எழுத்துகளைப் பெறத் தனி லைப்ரரி வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறவர்கள் இந்தத் தமிழ்ப் பெயர் வசதியைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

அதே 1.53இல்தான் வரிசைப் பட்டியல்களின் உறுப்புகளை முழு உரிமையோடு ஒவ்வொன்றாக எடுக்கும் வசதியும் வந்தது. க்ரேட்டர் முன்பே எச்சரித்திருந்தது: அதே பெயரில் அழைத்து, வெறும் இரவலை மட்டும் பெற்றுவந்த நிரல்கள் ஏராளம். தீர்வாக, பழைய எடிஷன்களில் அந்த அழைப்புக்கு மட்டும் பழைய பொருளே இருக்கட்டும் என்று கம்பைலருக்குள் ஒரு தனிவிதி வைத்தார்கள். அழகான ஏற்பாடு என்று யாரும் சொல்லவில்லை. 2021 எடிஷனில் அது நேரானது. கம்பைலரை எழுதுகிறவர்கள் அசிங்கத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, பயன்படுத்துகிறவர்களைக் காப்பாற்றினார்கள்.

எப்போதும் இப்படிக் காப்பாற்ற முடிந்ததா என்றால், இல்லை. 2024 ஜூலை 25 அன்று 1.80 வெளியானதும் பலருடைய நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ‘டைம்’ என்ற பிரபலமான லைப்ரரியின் பழைய பிரதி. அதில் ஒரு வரி, துண்டுகளைத் திரட்டி ஒரு பெட்டிக்குள் போடச் சொன்னது. எந்த வகைப் பெட்டி என்பதைக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தது. அதுவரை ஒரே ஒரு வகைதான் பொருந்தியது. 1.80 எழுத்துச் சரத்துக்கான பெட்டி ஒன்றையும் திரட்டலாம் என்று புதிதாக ஒரு வசதியைச் சேர்த்தது. இப்போது இரண்டு வகைகள் பொருந்துகின்றன. எது வேண்டும் என்று தெரியாமல் கம்பைலர் கைவிரித்தது. உடையும் என்பது வெளியீட்டுக்கு முன்பே தெரிந்திருந்தது; டைம் லைப்ரரியின் 0.3.35 பிரதியில் அது சரிசெய்யப்பட்டும் இருந்தது. ஊகத்தால் வரும் உடைவுகள் வாக்குறுதிக்குள் அடங்காது என்பது எழுதிவைத்த விதி. ஆனால் லைப்ரரிகளின் பிரதியை லாக் கோப்பில் பூட்டிவைத்திருந்தவர்களுக்கு விதி எதற்கு? நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. விதிப்படி சரியாக நடந்தும் நம்பிக்கை ஒரு துளி குறைந்தது. குழு இதை இன்னும் கடுமையாக எடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்த ஒரு சிறு வசதிக்கு இத்தனை பேரின் வேலைநேரம் ஈடாகாது.

இன்னொரு எல்லையும் உண்டு. எடிஷன்கள் மொழியின் இலக்கணத்தை மாற்றலாம். அடிப்படை லைப்ரரியை இரண்டாக்க முடியாது. எல்லா எடிஷன்களின் நிரல்களும் ஒரே லைப்ரரியைத்தான் பகிர்கின்றன. தொடக்கத்தில் தவறாக வடிவமைத்த செயற்கூறுகள், பயன்படுத்தாதீர்கள் என்ற முத்திரையோடு, இன்றும் அங்கேயே இருக்கின்றன. சூழல் மாறிகளை மாற்றும் செயற்கூறு ஒன்று, பல இழைகள் ஓடும் நிரலில் ஆபத்தானது என்று பிற்பாடு தெரியவந்தது. அதை நீக்க முடியவில்லை. 2024 எடிஷனில் அதை அழைப்பவர், ஆபத்து தெரிந்தே அழைக்கிறேன் என்று நிரலில் எழுதிக் கையொப்பம் இடுவதுபோலச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பலன் என்ன என்று கேட்டால் ஆண்ட்ராய்டைக் காட்டலாம். 2019இல் அதன் பாதுகாப்புக் குறைகளில் 76 சதவீதம் நினைவகப் பிழைகள். 2024இல் 24 சதவீதம். கூகுள் பழைய நிரல்களையெல்லாம் திருத்தி எழுதவில்லை. புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதினார்கள். பழையது நாளாக ஆகப் பிழை தீர்ந்து பக்குவப்பட்டது. லினக்ஸ் கெர்னலும் 2022 டிசம்பரில் வெளியான 6.1இலிருந்து ரஸ்டை உள்ளே சேர்த்துக்கொண்டது. கெர்னல் பல பத்தாண்டுகள் வாழும் நிரல். ஆண்டுக்கு ஆண்டு உடையும் மொழியை அதற்குள் யாரும் நுழைய விடமாட்டார்கள். அதே நேரத்தில் கெர்னலுக்குத் தேவைப்பட்ட வசதிகளில் பல நிலையான ரஸ்டில் இல்லாததால், சோதனை நிலையில் இருந்தவற்றையே பயன்படுத்த வேண்டியிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக நிலைப்படுத்துவதை ரஸ்ட் குழு 2024இல் தன் முதன்மை இலக்குகளுள் ஒன்றாக அறிவித்தது. சி மொழியின் பாணியில் சரங்களை எழுதும் குறியீடு 2024 மார்ச்சில் 1.77இல் வந்தது, அதற்கான இடத்தை 2021 எடிஷன் முன்பே ஒதுக்கி வைத்திருந்தது.

பாரோ செக்கரின் கதையும் முடியவில்லை. அகராதி போன்ற ஓர் அமைப்பில் ஒரு சொல்லைத் தேடி, இருந்தால் அதன் சுட்டியைத் திருப்பித் தந்து, இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கும் செயற்கூறு ஒன்றை நேரடியாக எழுதினால் 2018இன் செக்கரும் மறுத்துவிடும். அதிலும் தப்பு எதுவும் இல்லை. இது மட்சாகிஸின் அந்த முன்மொழிவு உருவான காலத்திலேயே தெரிந்த குறைதான். பொலோனியஸ் என்ற பெயரில் அடுத்த தலைமுறைச் செக்கர் உருவாகிவருவது இதற்காகத்தான்.

ரஸ்டில் எழுதுகிற, எழுதப்போகிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். க்ரேட்டர் பொதுவில் உள்ள நிரல்களை மட்டுமே பார்க்கும். உங்கள் அலுவலகத்தின் உள்ளே, உங்கள் கல்லூரித் திட்டத்தில் இருக்கும் நிரலை அதால் பார்க்க முடியாது. பீட்டா வந்ததும் அதைக் கணினியில் நிறுவி, உங்கள் நிரலை ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள். தானியங்கிச் சோதனை வைத்திருந்தால் அதில் ஒரு வரி சேர்த்தாலே போதும். நேற்று ஓடியது இன்று உடைந்தால் உடனே தெரிவியுங்கள். அது நிலையான வெளியீடாவதற்கு ஆறு வாரம் இருக்கிறது, அதற்குள் சரிசெய்துவிட முடியும்.